ஊருக்குள் பேசாதவர்கள் மலையில் பேசுகிறார்கள்

ஆராய்ச்சி வேலைக்காகத் தென்கொரியாவின் தேகு நகரத்துக்கு வந்த புதிதில் குளிரைக்கூடச் சமாளித்துவிட்டேன். யாரும் முன்பின் தெரியாதவரோடு பேசாத அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. லிஃப்டில் தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆய்வகத்து நண்பர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வேலை முடிந்தால் அவரவர் வழி.

அதே மனிதர்கள் மலையேறும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள். இதை நான் காயாசான் தேசியப் பூங்காவில் கண்டேன். எதிரே வருகிறவர்கள் "அன்னியாங் ஹசேயோ" (வணக்கம்) சொல்லிவிட்டுத்தான் கடந்துபோகிறார்கள். மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் வெள்ளரிக்காயை நீளவாக்கில் நறுக்கி என் கையில் வைத்தார். எந்த ஊர், என்ன வயசு, கல்யாணம் ஆயிற்றா? மதுரை பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கேட்கிற அதே கேள்விகள்! அரைகுறைக் கொரிய மொழியில் பதில் சொல்லச் சொல்ல, எனக்குள் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

காயாசானுக்குத் தேகுவின் மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்போல ஆகும். பைன் மரங்கள் அடர்ந்த ஓடைப் பள்ளத்தாக்கு வழியே ஏறினால் ஹேயின்சா கோயில். 802இல் தொடங்கப்பட்ட பௌத்த மடம். மங்கோலியப் படையெடுப்புக் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், புத்தர் காப்பார் என்ற நம்பிக்கையில் செதுக்கிய 80,000க்கும் மேற்பட்ட அச்சுப் பலகைகள் இங்கேதான் இருக்கின்றன. பௌத்தப் புனித நூல் தொகுப்பான திரிபிடகம் முழுவதும் மரத்தில்! அவற்றைக் காக்கிற கட்டடம்தான் என்னை அசத்தியது. முன்சுவரில் கீழ் ஜன்னல் பெரிது, மேல் ஜன்னல் சிறிது. பின்சுவரில் அப்படியே தலைகீழ். உள்ளே வரும் காற்று சுற்றி வந்து வெளியேறுகிறது. ஈரத்தைக் கட்டுப்படுத்தத் தரைக்கடியில் கரி, உப்பு, சுண்ணாம்பு. ஏசி கிடையாது, மின்விசிறி கிடையாது. மரச்சட்ட இடுக்கு வழியாகப் பார்த்தால், அடுக்கடுக்காகப் பலகைகளின் ஓரங்கள் தெரியும். 1951இல், கொரியப் போரின்போது, இந்த மலையில் ஒளிந்திருந்த கெரில்லாக்கள்மீது குண்டு போட உத்தரவு வந்தது. கிம் யோங்ஹ்வான் என்ற விமானப்படை அதிகாரி கோயிலைக் காப்பாற்ற அதை மறுத்தார். அந்த மனுஷனைக் கும்பிடத் தோன்றியது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. நகரத்தில், கிம்ச்சி என்கிற காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயிலேயே பெரும்பாலும் மீன் சாறு இருக்கும், சூப்பில் நெத்திலி. மடத்துச் சமையலில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கிடையாது. கோயிலில் ஓரிரவு தங்கும் 'டெம்பிள்ஸ்டே' ஏற்பாடு உண்டு. அதில் மலைக்கீரை, காளான், சோறு என்று பயமில்லாமல் சாப்பிடலாம். அடிவாரக் கடைகளில் மட்டும் குழம்பில் நெத்திலி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2023 மே முதல் கோயிலுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. இலை சிவக்கிற அக்டோபர் கடைசியில் கூட்டம் அதிகம், முடிந்தால் வார நாளில் போங்கள். கிளம்பும் முன் திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள்.