மனசு இல்லையா, முடியலையா?

குடிநோய் சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருக்கும் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கணவரை வார்டுக்கு அனுப்பிவிட்டு, சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகும் மனைவி எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்: "சார், இவருக்கு விட மனசு இல்லையா? இல்ல, மனசு இருந்தும் முடியலையா?"

மனசு இல்லை என்றால் அவர் கோபப்படலாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். முடியவில்லை என்றால் இரக்கப்பட வேண்டும், இன்னும் காத்திருக்க வேண்டும். வாழ்ந்த வாழ்க்கையை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்வார். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிற கேள்வி இல்லை அது.

எங்கள் மையம் தென்மாவட்டம் ஒன்றில் திருச்சபை நடத்துவது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள். சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபையும் ஒரே வார்டில் படுத்திருக்கும். அதனால் காலையில் மருத்துவக் கேள்வியாக இருப்பது சாயங்காலத்துக்குள் இரட்சிப்பைப் பற்றிய கேள்வியாக மாறிவிடும். மனுஷனுக்குச் சுயசித்தம், அதாவது தானே தீர்மானிக்கும் திராணி, உண்டா, கடவுள் இலவசமாகத் தரும் கிருபை முந்தியா, நாம் செய்யும் கிரியை முந்தியா, விசுவாசித்தால் மட்டும் போதுமா? வேதாகமக் கல்லூரியில் படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த விஷயங்கள். இங்கே ஒரு குடும்பத்தின் அடுத்த மாதச் சோறு அவற்றில் தொங்குகிறது.

முதல் மூன்று நாளைப் பார்த்தவர்களுக்கு மனுஷ சித்தத்தின் வல்லமையைப் பற்றிப் பேச வாய் வராது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கிவிடும். காபியை டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம் என்று சமையலறையில் சொல்லி வைத்திருக்கிறோம். நிறைய ஊற்றினால் வாய்க்குப் போவதற்குள் சட்டையில் கொட்டிவிடும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு ஜன்னி கண்டுவிடும். சுவரில் பூச்சி ஓடுகிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பெற்ற மகளை அடையாளம் தெரியாது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கான மாத்திரையும் கொடுத்து ராத்திரி முழுக்க நர்ஸ் ஒருவர் பக்கத்தில் இருப்பார். அந்தக் கட்டிலருகே நின்று 'மனசு வச்சா முடியும்' என்று சொல்ல எனக்கு நா எழாது. ரோமர் ஏழாம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறாரே, "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று, அதை ஒருநாள் காலை ஜெபத்தில் வாசித்தபோது லாரி டிரைவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "இத எழுதினவரும் குடிச்சவரா சார்?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மனுஷ சித்தத்தால் முடியுமா என்ற சண்டை பழையது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் இருந்த பெலாஜியஸ் என்ற போதகர் ஒழுக்கமான மனிதர். அரைகுறைக் கிறிஸ்தவர்களைக் கண்டு மனம் நொந்தவர். கடவுள் கட்டளை கொடுத்திருக்கிறார் என்றால் அதைச் செய்யும் திராணியும் மனுஷனுக்கு இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். 'நீர் கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்' என்று வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் ஜெபித்ததை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அகுஸ்தீனோ, பழக்கம் சங்கிலியாக இறுகுவதைத் தன் வாழ்க்கையிலேயே கண்டவர். 418 இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸின் போதனையைத் தள்ளினார்கள். ஆனால் எங்கள் ஊர்களில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 'ஆம்பளையா இருந்தா நிறுத்திக் காட்டு' என்று மாமனார் சொல்வதும், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதும் அந்த வழியில் வந்தவைதான். சத்தியம் உடைகிற அன்று ராத்திரி, உடைந்த அவமானத்துக்கும் சேர்த்துக் குடிக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

உடனே யாராவது லெந்து என்ற தவக்கால நாள்களைக் காட்டுவார்கள். எங்கள் பக்கம் சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை சரக்கைத் தொடாத ஆண்கள் நிறைய உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் அப்படித்தான். "நான் நினைச்சா நிறுத்துவேன் சார், லெந்துல பாத்தீங்கல்ல?" என்பார்கள். பார்த்திருக்கிறேன். ஈஸ்டர் ஆராதனை முடிந்து மதியம் கறிச்சோற்றோடு மறுபடி ஆரம்பிப்பதையும் பார்த்திருக்கிறேன். முடிகிற தேதி தெரிந்திருப்பதால்தான் அந்த நாற்பது நாளும் ஓடுகிறது. அந்தத் தேதியை எடுத்துவிட்டு, இனி என்றைக்குமே இல்லை என்று சொல்லிப் பாருங்கள், முகம் வெளுத்துவிடும். அந்த வைராக்கியத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. மனுஷனுக்குள் இன்னும் உயிருள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் தள்ளிப்போட முடிவதும் விடுதலையாவதும் வேறு வேறு.

1524 இல் எராஸ்மஸ் என்ற கத்தோலிக்க அறிஞர் சுயசித்தத்துக்காக எழுதினார். மனுஷனால் ஒன்றுமே செய்ய இயலாது என்றால் கட்டளைகள் எதற்கு, மனந்திரும்பச் சொல்வது எதற்கு என்பது அவர் கவலை. அடுத்த ஆண்டே, புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தர் பதில் எழுதினார்: இரட்சிப்பு விஷயத்தில் மனுஷனுடைய சித்தம் அடிமைப்பட்டது, அது தானாகக் கடவுளிடம் திரும்பாது. வார்டில் நிற்கும்போது லுத்தர் பக்கம்தான் சாய்வேன். அலுவலக அறைக்குத் திரும்பினால் எராஸ்மஸின் கவலையும் நியாயமாகவே படும். அதற்குக் காரணம் அந்தப் பவுடர்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்களே, அதைப் பற்றிக் கேட்காத குடும்பம் குறைவு. "உங்ககிட்ட அந்த மருந்து இருக்கா சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். டைசல்பிராம் என்ற மருந்து இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். விஷயம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் கொடுத்தால் கொலையாகவே முடியலாம். எங்கள் மருத்துவர் இதில் ஒரு அடிகூட இறங்கி வரமாட்டார். அவர் பிடிவாதத்தில் நான் ஒரு இறையியலையே பார்க்கிறேன். கடவுள் யாரையும் சோற்றில் கலந்து கொடுத்து இரட்சிப்பதில்லை. நோயாளி ஐந்தாறு நாள் கழித்துத் தெளிந்து, 'சரி சார், நான் இருக்கேன்' என்று சொல்கிற ஒரு நேரம் வரும். அதைச் சொல்லும் தெளிவை அவருக்குக் கொடுத்தது ஊசியும் தூக்கமும் கூட்டிவந்த மனைவியும்தான். ஆனால் சொன்னது அவர். அவருக்காக வேறு யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

முந்திவரும் கிருபை என்று, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதித்ததும் இதைத்தான் என்று நினைக்கிறேன். அடிமைப்பட்ட சித்தத்தை முதலில் கிருபை தொடுகிறது. தொட்டபின் 'ஆம்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்ல அதற்குத் திராணி வருகிறது. 1947 செப்டம்பர் 27 இல் உருவான எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) ஆங்கிலிக்கரோடு, சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த பிரஸ்பிட்டேரியன் சபைகளும் வெஸ்லி வழிவந்த மெதடிஸ்டுகளும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். இந்த வாதத்தை முடித்துவிட்டுத்தான் சேருவோம் என்று காத்திருந்தால் இன்றைக்கும் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை குழுவில் ஒரு தடவை சகேயு கதையை எடுத்தோம், லூக்கா 19. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின வரிவசூல்காரன் அவன். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னாரே, எதனால் வந்தது என்று கேட்டேன். மீன்பிடித் துறையிலிருந்து வந்திருந்த ஆர்.சி. அண்ணன் சட்டென்று சொன்னார்: "பாதிச் சொத்தக் குடுத்தான், ஏமாத்தினத நாலத்தனையாத் திருப்பினான். அதுக்குப் பொறவுதான சார் ஆண்டவர் சொல்லுதாரு?" பெந்தெகொஸ்தே தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் குடுக்குறதுக்கு முன்னாலயே பேரச் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்ல தங்கணும்னு சொல்லிட்டாருல்லா? ஊர்ல ஒருத்தனும் அவன் வீட்டுப் படி ஏற மாட்டான். அங்கயே முடிஞ்சிபோச்சு." அதுவரை பேசாதிருந்தவர் கோவில்பட்டிப் பக்கத்து இந்து, தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை. "எல்லாஞ் சரி, மரத்துல ஏறினது யாரு?" என்றார்.

பத்து வசனத்துக்குள் மூன்றும் இருக்கின்றன. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். அழைப்பு வந்த பிறகுதான் சகேயு மடியை அவிழ்க்கிறான். முதலில் நாலத்தனையாகத் திருப்பு, பிறகு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் இதை மறுக்கவில்லை. 1547 இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம், கிருபையில்லாமல் தன் செயல்களால் மனுஷன் நீதிமானாக முடியும் என்பவனைத்தான் தன் முதல் விதியிலேயே சபித்தது. கிருபையால் எழுப்பப்பட்ட சித்தம் ஒத்துழைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னது. 1999 அக்டோபர் 31 இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, பழைய சாபங்கள் அந்த அறிக்கை சொல்லும் போதனையைத் தொடாது என்று அறிவித்தன. எங்கள் ஊர்க் கன்வென்ஷன் என்ற நற்செய்திக் கூட்டப் பந்தல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பந்தல் என்றதும் சாட்சிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. இந்த வேலையில் எனக்கு மிகவும் கோபம் வருவது அங்கேதான். வெளியே போய் ஒரு மாதம்கூட ஆகாதவரை மேடையேற்றி, 'குடிகாரனாயிருந்த என்னை ஆண்டவர் ஒரே நாளில் விடுவித்தார்' என்று பேச வைப்பார்கள். கூட்டம் அல்லேலூயா சொல்லும். கடைசி வரிசையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருப்பார். காதில் கம்மல் இருக்காது. துளை தூர்ந்துவிடாதபடி ஈர்க்குச்சி செருகியிருப்பார். கம்மல் அடகுக் கடையில் மூழ்கிப் போயிருக்கும். மேடையில் இருப்பவர் தன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டது என்கிறார். உண்மைதான், நானும் அதை நம்புகிறேன். ஆனால் கம்மலைப் பற்றி அவர் இதுவரை வாய் திறக்கவில்லை. "விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்" என்று யாக்கோபு எழுதியது இந்தப் பெண்ணுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். அந்த நிருபத்தை 1522 இல் வைக்கோல் என்று எழுதிய அதே லுத்தர், அதே ஆண்டில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் சும்மா இருக்கத் தெரியாதது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்றும் எழுதினார். விசுவாசம் மட்டும் போதும் என்று முழங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் புரட்டியிருக்கலாம்.

1935 இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியை விட முயல்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தைத் தொடங்கியவர்கள் யாக்கோபு நிருபத்தை விரும்பி வாசித்தவர்கள். அவர்களுடைய பன்னிரண்டு படிகள் எந்தச் சபைக்கும் சொந்தமில்லை. எங்கள் ஹாலில் நடக்கும் கூட்டத்துக்கு எல்லா மதத்தினரும் வருகிறார்கள். ஆனால் படிகளின் வரிசை சகேயுவின் வரிசையேதான். குடியின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒத்துக்கொள்வது முதல் படி. தன்னிலும் பெரிய சக்தியை நம்பி ஒப்படைப்பது அடுத்தது. யாருக்கெல்லாம் தீங்கு செய்தேன் என்று பட்டியல் போடுவது எட்டாவது படியில்தான் வருகிறது, ஈடு செய்வது ஒன்பதாவதில். ஒருவருடைய நாற்பது பக்க நோட்டைப் பார்த்தேன். பெட்டிக்கடை பாக்கி, மச்சினனிடம் கைமாற்று, மகளின் பத்தாம் வகுப்பு டூர் பணம் என்று வரிசையாக எழுதி, சிலவற்றுக்கு நேராக டிக் போட்டிருந்தார். 'அம்மா' என்ற வரிக்கு எதிரே தொகை எழுதவில்லை. இறந்துவிட்டார்களாம். அந்த வரியை அடிக்கவும் வேண்டாம், டிக் போடவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஈடு செய்ய நாளே இல்லாதவர்களும் வருகிறார்கள். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி வந்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இனிமே நான் யாருக்கு என்ன செஞ்சி கிழிக்க முடியும் சார்?" சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளனைப் பற்றிச் சொன்னேன். அவனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை, நேரமும் இல்லை, ஞானஸ்நானம்கூட இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று அவனுக்குத்தான் சொல்லப்பட்டது. கிருபையினால் மட்டும் என்ற போதனையை எந்த நிபந்தனையும் சேர்க்காமல் சொல்ல வேண்டிய கட்டில் அது, நானும் அப்படியே சொன்னேன். அவர் நிம்மதியோடு இறந்தார். வாசலில் நின்ற அவர் மனைவியிடம், 'ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு' என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தனியே அழைத்து அதை நிறுத்தச் சொன்னேன். கடவுள் கொடுக்கிற மன்னிப்பைக் காட்டி, அடிபட்டவரிடம் மன்னிப்பை வசூலிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

மறுபடி விழுந்து திரும்பி வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். 'அவன் முதல்லயே இரட்சிக்கப்படலை' என்று ஒரு சபை சொல்லும், 'இரட்சிப்பை இழந்துட்டான்' என்று இன்னொன்று சொல்லும். 1618–19 இல் நெதர்லாந்தில் கால்வின் வழிச் சபைகளின் டார்ட் சங்கம் கூடி, கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் முடிவுபரியந்தம் காக்கப்படுவார்கள் என்று தீர்மானித்தது. விழுந்துபோகவும் கூடும் என்று வெஸ்லி பிற்பாடு எச்சரித்தார். இருவருக்கும் வேத ஆதாரம் உண்டு. ஆனால் நடுக்கத்தோடு வாசலில் நிற்கிறவரின் நித்தியத்தைத் தீர்ப்பது என் வேலை இல்லை. படிவத்தில் 'முன்பு பெற்ற சிகிச்சை' என்ற கட்டத்தை நிரப்பி, பி1 ஊசிக்குச் சீட்டு எழுதுவதே என் வேலை. அடுத்த குடும்பக் கூட்டத்தில் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கலாம் என்று இருக்கிறேன். "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்ற பன்னிரண்டாம் வசனத்தோடு எங்கள் பக்கத்துப் பிரசங்கங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்ற பதிமூன்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அந்த இரண்டாவது வசனத்தை வாசிக்க, மூன்றாம் தடவையாகச் சேர்ந்திருக்கும் அந்த லாரி டிரைவரைக் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.