அறுபது வீடுகளில் கேட்ட ஒரு கேள்வி

கொடியில் எட்டுத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பழைய வேட்டியைக் கிழித்துச் செய்த குழந்தைத் துணிகள். மணி காலை ஒன்பதரைதான். பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அந்தத் தாயிடம் படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே படித்தேன்: "கடந்த ஏழு நாட்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதா?"

"இல்லை அக்கா" என்றார். நான் 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். விடைபெற்று எழும்போதுதான் கொடியைப் பார்த்தேன். "ராத்திரியிலிருந்து எத்தனை துணி மாற்றினீர்கள்?" என்று கேட்டேன். "ஏழெட்டு இருக்கும். தண்ணீராகத்தான் போகிறது. பல் முளைக்கிறது இல்லையா, அதனால் போகிறது. பேதியெல்லாம் இல்லை" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வயிற்றுப்போக்கு என்பது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும் நோய். பல் முளைக்கும்போது போவது வேறு, மாந்தத்தில் போவது வேறு, சூட்டினால் போவது வேறு, தாய் சாப்பிட்டது சேராமல் போவது வேறு. அதுவரை பதினொரு வீடுகளில் அதே கேள்வியைக் கேட்டிருந்தேன். பதினொரு வீடுகளிலும் 'இல்லை' என்றுதான் பதில் வந்தது. அன்று மாலை அந்தப் பதினொரு தாள்களையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் முதல் வீட்டிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.

ஆறு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்துவிட்டுப் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்புக்கு வந்தவள் நான். ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள் இது: பாலாற்றுப் படுகையை ஒட்டிய ஓர் ஊரில், ஆழ்துளைக் கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிக் குளோரின் கலந்து குழாயில் விடுகிறார்கள். அதைக் குடிக்கும் குழந்தைகளுக்கு வயிற்று நோய் எவ்வளவு வருகிறது, அதில் தண்ணீரின் பங்கு என்ன? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் அறுபது வீடுகள், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நேரில் போவது, ஆறு மாதம். ஊரின் பெயரை இங்கே சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று அந்த வீடுகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நிலத்தடி நீர் மண்ணே வடிகட்டிக் கொடுக்கும் சுத்தமான நீர் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். பாக்டீரியாவுக்கு அது ஓரளவு பொருந்தும். வைரஸ்கள் அவற்றைவிட மிகச் சிறியவை. கழிவுநீர்க் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே இருக்கும் மண்ணில் அவற்றால் வெகுதூரம் போக முடியும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நிலத்தடி நீரைச் சுத்திகரிக்காமலே விநியோகித்த 14 சிற்றூர்களில் நடந்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. அங்கே குழாய் நீர் மாதிரிகளில் ஏறக்குறைய கால்பங்கில் குடல் வைரஸ்களின் தடயம் இருந்தது. அதைப் படித்த அன்றே பொருளை முடிவு செய்துவிட்டேன். சுத்திகரித்த நீரிலும் ஆபத்து மிச்சம் இருக்கிறதா என்பது தெரிந்தாக வேண்டும் என்று பட்டது.

மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு என் விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. முதல் முறை, ஒப்புதல் படிவத்தின் தமிழ் யாருக்கும் புரியாது என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அதை எங்கள் விடுதியில் சமைக்கும் அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். 'பங்கேற்பாளருக்கு நேரக்கூடிய இடர்கள்' என்ற இடத்தில் அவர் என்னை நிறுத்தி, "இதில் கையெழுத்துப் போட்டால் வீட்டை எழுதி வாங்கிவிடுவார்களா?" என்று கேட்டார். குழு சொன்னது சரி. அவர் பக்கத்தில் உட்கார்ந்தே முழுப் படிவத்தையும் திரும்ப எழுதினேன். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது.

இரண்டாம் முறை அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. "ஒரு வீட்டுத் தண்ணீரில் கிருமி இருப்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆறு மாதம் முடியும் வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பீர்களா?" அதை நான் யோசித்திருக்கவே இல்லை. சொல்லிவிட்டால் அவர்கள் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள், ஆய்வு மாறிப்போகும். சொல்லாமல் இருந்தால் நான் செவிலியரே அல்ல. சொல்வது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு முறை போகும்போதும் ஓ.ஆர்.எஸ். உப்புச் சர்க்கரைப் பொட்டலமும், வயிற்றுப்போக்குக்குத் தரும் துத்தநாக மாத்திரை பற்றிய விளக்கமும் கொடுப்பேன் என்று சேர்த்து எழுதினேன். என் கணக்கு அதனால் பலவீனமாகும் என்பதையும் அதே தாளில் எழுதினேன்.

தொட்டி இயக்கும் அண்ணனை முதலில் பார்த்தபோது அவர் மோட்டார் அறையில் பிளீச்சிங் பவுடரைத் துணியில் முடிந்துகொண்டிருந்தார். தொட்டியின் கொள்ளளவு 30,000 லிட்டர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்தால் 30 கிராம் குளோரின் வேண்டும். புது பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் அது சுமார் 90 கிராம் பவுடர். ஆனால் மூட்டையைப் பிரித்து, தகரக் கூரையின் கீழ், வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் அந்தப் பங்கு நாளுக்கு நாள் குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அறிய அவருக்கு எந்த வழியும் கொடுக்கப்படவில்லை. வாடையை வைத்துக் கணித்தார். கொஞ்சம் கூடினால் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்து சண்டைக்கு வருவார்கள். "மருந்துத் தண்ணீரில் சோறு வேகவில்லை, டீ நன்றாக இல்லை என்று என்னைத்தான் திட்டுகிறார்கள்" என்றார். அவர் மீது எனக்கு அப்போதும் குறை இல்லை, இப்போதும் இல்லை.

குழாய் நீரில் எஞ்சும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சோதிப்பது எளிது. சிறு சோதனைக் குழாயில் நீரைப் பிடித்து மாத்திரையைப் போட்டால் குளோரினுக்குத் தக்கபடி இளஞ்சிவப்பு ஏறும். தொட்டியடியில் நல்ல நிறம் வந்தது. நடுத்தெருவில் வெளுத்த ரோஜா நிறம். கடைசித் தெருவில் நிறமே ஏறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. மூன்று நாள் விட்டுவிட்டுப் பார்த்தேன், மாறவில்லை. குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் இருந்தால் இவ்வளவு கெடாது. அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம்தான். மற்ற நேரத்தில் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. கடைசித் தெருவில் அது சாக்கடையை ஒட்டியே ஓடுகிறது. எங்காவது ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால், அழுத்தம் இல்லாத நேரத்தில் வெளியில் இருப்பது உள்ளே வந்துவிடும். அதைக் கொல்ல அந்த இடத்தில் குளோரின் மிச்சமில்லை.

மாதிரி எடுப்பதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும், இனி செய்யப்போகிறவர்களுக்கு உதவும். ஆய்வகம் கொடுத்த முதல் தொகுதிப் பாட்டில்களில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போடப்படவில்லை. நானும் கேட்கவில்லை. குளோரின் உள்ள நீரைப் பிடித்ததும் அந்தக் குளோரினை முறித்துவிட வேண்டும். இல்லையென்றால் வழியெல்லாம் அது பாட்டிலுக்குள்ளேயே கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும், சோதனையில் எல்லாம் சுத்தம் என்று வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. இருபது மாதிரிகளையும் ஒதுக்கிவிட்டு மீண்டும் எடுத்தேன். அதன்பின் ஒவ்வொரு பாட்டிலையும் நானே திறந்து பார்த்து வாங்கினேன். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். ஒருநாள் சாலை மறியலில் மூன்று மணி நேரம் நின்றதில் ஐஸ் கரைந்து அன்றைய உழைப்பு போனது. பிறகு ஆய்வகத்துக்கு அனுப்புவதோடு, வீட்டிலேயே எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) சோதனைக் குப்பிகளையும் வைத்தேன். 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை இது. மலக் கலப்பு இருக்கக்கூடிய நீர் என்றால் ஓரிரு நாளில் குப்பி கறுத்துவிடும். எண்ணிக்கை தராது என்றாலும் எவர் கண்ணுக்கும் புரியும்.

அந்தக் கறுப்புதான் என் ஆய்வின் திசையை மாற்றியது. தெருக்குழாயில் பிடித்த குப்பி தெளிவாக நிற்கும் பல வீடுகளில், அதே தண்ணீரை மறுநாள் குடத்திலிருந்து எடுத்தால் கறுத்தது. பரந்த வாய் அண்டா, அதில் மிதக்கும் டம்ளர், அதை எடுக்க உள்ளே இறங்கும் விரல்கள். விளையாடிவிட்டு ஓடிவரும் மூன்று வயதுப் பிள்ளையின் விரல்கள். கேன் தண்ணீர் வாங்கும் வீடுகளில் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் நிலத்தடி நீர்தான், இயந்திரத்தில் வடிகட்டியது. வடிகட்டும்போது குளோரினும் போய்விடுகிறது. கேனைத் திறந்து அண்டாவில் கவிழ்த்த பிறகு அதற்கும் காவல் இல்லை. தெளிவாக நின்ற குடக் குப்பிகளில் ஒன்று எழுபதைக் கடந்த ஒரு பாட்டியின் வீட்டுடையது. குறுகிய கழுத்துச் செப்புக் குடம், வாயில் வெள்ளைத் துணி, குடத்தைச் சாய்த்து ஊற்றுவாரே தவிர யாரையும் மொள்ள விடமாட்டார். "எங்கள் மாமியார் கையை உடைத்துவிடுவார்" என்றார். ஒரு வீட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் அன்று மாலை முழுக்க அந்தக் குடத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

கேள்வியை மாற்றினேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் நீராகப் போவது. நோயின் பெயரையே எடுத்துவிட்டு, "நேற்று எத்தனை தடவை போனான்? கெட்டியாகவா, தண்ணீராகவா?" என்று கேட்டேன். ஏழு நாளுக்கு முன் நடந்தது பாதி மறந்துபோகிறது என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் நாட்காட்டி ஒன்றை மாட்டினேன். தண்ணீராகப் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கரிக்கோடு. இரண்டு மாதம் போனதும், ஒரு வீட்டில் கோடே இல்லாததைக் கவனித்தேன். அங்கன்வாடியில் அந்தக் குழந்தை நாலு நாளாக வரவில்லை என்றார்கள். அந்தத் தாயிடம் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, "கோடு அதிகமானால் என் வீடு அழுக்கு என்று எழுதுவீர்கள், மாமியார் படித்துவிடுவார்" என்றார். என் தாளில் இருந்த சுத்தமான வீடுகளில் எத்தனை இப்படி என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து நாட்காட்டியை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்றேன். கோடுகள் கூடின.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 600 குடும்பங்களில் பாதிக்கு உண்மையான வடிகட்டியும் மறுபாதிக்கு வெறும் பெட்டியும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் வைத்து நடத்திய ஆய்வு 2001இல் வந்தது. இரு பக்கமும் வயிற்று நோய் ஒரே அளவில் இருந்தது. எது தங்கள் வீட்டில் இருக்கிறது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தால் பதிலே மாறியிருக்கக்கூடும். என் அறுபது வீடுகளில் அந்த வசதி இல்லை. குளோரினின் வாடையை ஊரே அறியும். அதனால் ஆய்வேட்டில் 'தண்ணீரால்தான்' என்ற சொல்லை ஒரு இடத்திலும் எழுதவில்லை. கடைசித் தெருவில் கோடுகள் அதிகம், அங்கே குளோரின் இல்லை, ஆனால் அங்கே கழிப்பறையும் குறைவு, வீடுகளும் நெருக்கம் என்று மூன்றையும் சேர்த்தே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் இது முடிவே இல்லாத முடிவு என்றார். இருக்கும் தரவு இதைத்தான் தாங்கும் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபைக்கு மறுபடியும் போனேன். மூன்று தெருக் குப்பிகளையும் மேசையில் வரிசையாக வைத்தேன். கடைசித் தெருப் பெண்கள் எழுந்து, சாக்கடையைத் தொடும் குழாயை உயர்த்தி மாற்ற வேண்டும் என்று தீர்மானத்தில் எழுத வைத்தார்கள். தொட்டி அண்ணனிடம் என் குளோரின் சோதனைப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது மாத்திரை தீரும்போதெல்லாம் கைபேசியில் அழைக்கிறார். போன வாரம் அழைத்தபோது முதலில் சொன்னது கடைசித் தெரு நிறத்தை: "லேசாக வருகிறது, பாப்பா. நடுத்தெரு மாதிரி இன்னும் இல்லை."