பாலை நிறுத்திய பிறகு

பிறந்த குழந்தைக்குக் கேலக்டோசீமியா என்ற பிறவி நோய் இருப்பது தெரிந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளை பிழைச்சுக்குமா?" என்பதுதான். குழந்தைகள் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கும் எனக்கு அந்தக் கேள்வியை விட அடுத்து வருவதுதான் கடினம்.

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையிலிருந்து வரும் கேலக்டோஸைக் கையாள வேண்டிய என்சைம் இந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. நல்லபடியாகப் பிறந்த பிள்ளை சில நாட்களிலேயே வாந்தியும் மஞ்சள் காமாலையுமாகத் துவண்டுவிடும். ஈகோலை கிருமி ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. அதனால் சந்தேகம் வந்ததுமே, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், பாலை நிறுத்தி, கைக்குழந்தைகளுக்கென்றே தயாரித்த சோயா பவுடருக்கு மாற்றிவிடுவோம். சீக்கிரம் மாற்றினால் பெரும்பாலும் கல்லீரல் தேறும், கண்புரைகூட மறையலாம்.

வீட்டாருக்குப் புரியவைப்பதுதான் பாடு. "ஏம்மா, தாய்ப்பாலை மிஞ்சின மருந்து உண்டா? ஒரு வாய் குடுத்தா என்ன ஆகிடும்?" என்பார் பாட்டி. மார் கட்டி வலியோடு உட்கார்ந்திருக்கும் தாய் வாயே திறக்க மாட்டாள். அவளிடம் தனியாகச் சொல்வேன்: "உன் பாலில் ஒரு குறையும் இல்லைம்மா, மற்ற பிள்ளைகளுக்கு அது அமுதம்தான்." தாய்ப்பால் வங்கி இருக்கும் இடத்தில், விருப்பமிருந்தால் தானமும் தரலாம்.

சரி, பாலை நிறுத்தியாயிற்று, இனி எல்லாம் நலமா? இல்லை. உணவில் துளியும் பிசகாமல் வளர்த்த பிள்ளைகளில் பலருக்கும் பேச்சு தாமதப்படுகிறது, சிலருக்குப் படிப்பு சிரமம், கை நடுக்கம். பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சினைப்பை சீக்கிரமே செயலிழக்கிறது. உடம்பே ஓரளவு கேலக்டோஸை உற்பத்தி செய்வது இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

பச்சை உடம்புக்காரியிடம் இதையெல்லாம் இப்போதே சொல்ல வேண்டுமா என்று சக ஊழியர்கள் கேட்பதுண்டு. வீட்டுக்கு அனுப்பும் முன் சொல்லியே ஆகவேண்டும் என்பதுதான் என் கருத்து. சொல்லாவிட்டால், மூன்று வயதில் பிள்ளை பேசாதபோது, எப்போதோ யாரோ கொடுத்த ஒரு பிஸ்கட்டை நினைத்து அந்தத் தாய் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வாள். முன்பே தெரிந்தால் பேச்சுப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கலாம், கால்சியத்தையும் எலும்பையும் கவனிக்கலாம்.

அப்புறம் அடுத்த கர்ப்பம். ஒவ்வொரு முறையும் பிள்ளைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகால் ரத்தத்தில் இதைச் சோதிக்கும் ஏற்பாடு நாடு முழுக்க இன்னும் வரவில்லை. அதனால் அடுத்த பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு கடிதம் கொடுக்கச் செய்கிறேன்: பிறந்ததும் சோயா, சோதனையில் நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தாய்ப்பால்.