கிளாத்தென் ரயிலில் ஏறிய சென்செய்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், சோலோ பலாப்பான் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதே விடுதிக்காரர் சொல்லி அனுப்பினார்: "ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள், மெராப்பி மலை தெரியும்." அப்படியே செய்தேன். ஆனால் சோலோவுக்கும் ஜோக்ஜாவுக்கும் (யோக்யகார்த்தா நகரம்) ஓடும் மின்ரயிலில் இருக்கைகள் சென்னை மெட்ரோ மாதிரி நீளவாட்டில் இருக்கின்றன. வலது பக்கம் உட்கார்ந்தால் எரிமலை முதுகுக்குப் பின்னால் போய்விடும். இது உறைக்க எனக்கு மூன்று ஸ்டேஷன் ஆனது. எழுந்து எதிர் வரிசைக்கு மாறினேன். டிக்கெட் 8,000 ரூபியா. நம் காசுக்கு ஐம்பது ரூபாய்கூட வராது. பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மேகம் ஏறுவதற்குள் காலையிலேயே போனால் மலை முழுசாகத் தெரியும், உச்சியில் நூல் மாதிரி புகையோடு.

இடையில் வரும் கிளாத்தென் ஊரில் கூட்டம் ஏறியது. எனக்கும் மெராப்பிக்கும் நடுவே ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்து, மடியில் ஒரு கட்டு அட்டையை வைத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். வண்டி குலுங்கியதில் ஓர் அட்டை நழுவி என் காலடிக்கு வந்தது. ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த பூனை. மீசை ஒரு பக்கம் மூன்று முடி, மறுபக்கம் இரண்டு. பின்பக்கம் இரண்டே இரண்டு எழுத்து.

"நெக்கோ" என்றார், ஜப்பானிய மொழியில். அப்புறம், "உங்கள் மொழியில்?"

"பூனை."

"எழுதித் தருவீர்களா?"

பேனாவை எடுத்து அட்டையின் மூலையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹிஜாப் அணிந்த மூன்று பள்ளி மாணவிகள், "சென்செய்! ஒஹாயோ கொசாய்மஸ்!" (ஆசிரியரே, காலை வணக்கம்!) என்று கூவிக்கொண்டு வந்து ஓடும் ரயிலில் பாதி இடுப்பு வளைந்து வணங்கினார்கள். அடுத்து என்னைப் பார்த்து, "ஷாருக் கான்!" ஜாவாவில் ஒரு வாரமாக எனக்கு அதுதான் பெயர். எந்தக் கோணத்தில் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சென்செய்க்கு வயது 24. என் அக்கா மகளைவிட ஒரு வயது இளையவர். ஆனாலும் 'அவள்' என்று எழுத வரவில்லை. கிளாத்தெனில் பக்கோடா விற்பவர்கூட சென்செய் என்றுதான் கூப்பிடுகிறார், நான் என்ன பெரிய ஆள்?

ஜப்பான் ஃபவுண்டேஷன் 2014-இல் தொடங்கிய 'நிஹோங்கோ பார்ட்னர்ஸ்' என்ற திட்டத்தில் வந்திருக்கிறார். தென்கிழக்கு ஆசியப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி நடத்தும் உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாகச் சில மாதங்கள் ஒரு ஜப்பானியரை அனுப்புவார்கள். 20 வயதிலிருந்து 69 வரை விண்ணப்பிக்கலாம், ஆசிரியர் பட்டம் தேவையில்லை. இந்தோனேசியாவில் ஜப்பானிய மொழி படிக்கிறவர்கள் 7 லட்சத்துக்கு மேல். உலகத்தில் சீனாவுக்கு அடுத்த இடம். அதில் பெரும்பாலோர் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். எனக்கு இது புதுச் செய்தி. ஜகார்த்தாவில் வந்து இறங்கிய அன்று புறநகர் ரயிலில் ஏறியதும் அவருக்கு ஊருக்கே திரும்பிவிட்ட மாதிரி இருந்ததாம். அங்கே ஓடும் பெட்டிகளில் பல, தோக்கியோவில் ஓடிக் களைத்து விற்கப்பட்டவை.

அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைக்காத நொண்டி. இடையிடையே இந்தோனேசியச் சொல் போட்டு ஒப்பேற்றினோம். என்னிடம் இருந்த சொற்களில் பாதி நம்ம வீட்டுச் சொத்து: காப்பால் என்றால் கப்பல், பெத்தி என்றால் பெட்டி, கெடாய் என்றால் கடை. கோலாம் என்றால் கோலம் என்று நினைத்துவிடக் கூடாது, அது குளம்.

"தப்பாகச் சொன்னால் உடனே திருத்துங்கள்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். "ஜாவாக்காரர்கள் ரொம்ப மரியாதை. என் இந்தோனேசிய மொழியை யாரும் திருத்துவதில்லை, சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆறு மாதமாக ஒரே தப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

திருத்தம் என் பெயரிலிருந்தே தொடங்கியது. முரளி அவர் வாயில் முராரி ஆனது. ஜப்பானிய மொழியில் ர, ல இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒலிதான். தமிழை 'தமிரு' என்றுதான் சொல்கிறார்கள். நம்மிடம் ல, ள, ழ என்று மூன்று இருக்கிறது, ர, ற தனி என்றதும் அவர் முகத்தில் வந்த பயத்தைப் பார்க்க வேண்டும். நம்மவர்களிலேயே பாதிப் பேருக்கு ழ வராது என்பதை நான் சொல்லவில்லை.

அவர் பள்ளியின் பெயர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை அங்கே போனேன். வகுப்புக்கு உரிமைக்காரர் உள்ளூர் ஆசிரியை. எல்லாரும் 'இபு' என்று அழைக்கிறார்கள். அம்மா என்று பொருள். இலக்கணம் இபு பாடு. உச்சரிப்பும் உரையாடலும் சென்செய் பாடு. படம் காட்டிப் பெயர் சொல்லும் விளையாட்டில் நாய் வந்தது, யானை வந்தது, பூனை வரவில்லை. "பூனை அட்டையைக் காணோம், எங்கேயோ ஓடிப்போய்விட்டது" என்றார் சென்செய். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

முதல் மாதத்துக் கூத்தை இபு சொன்னார். சென்செய் ஒரு சின்னத் தேர்வு வைத்துத் தாளைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். பின் பெஞ்சுப் பையன் ஒருவன் தாள் முழுக்க டிக். வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாம் சரி என்று துள்ளிக் குதித்துவிட்டான். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். டிக் போட்டால் தப்பு. நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி தாளெல்லாம் முட்டை முட்டையாகப் பார்த்துக் கண் கலங்கிப் போனாளாம். இதைச் சொல்லும்போது சென்செய் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். துள்ளிய பையனிடம் உண்மையைச் சொல்லத்தான் அன்று ரொம்பக் கஷ்டப்பட்டாராம்.

அன்றைய பாடம் 'தபெத்தே மிரு'. தபெத்தே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார்ப்பது. ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சாப்பிடுவது வாய். கண் எதற்கு நடுவில் வருகிறது?" நியாயமான கேள்வி. இந்தோனேசிய மொழியில் 'சோபா மாக்கான்', அதாவது 'முயற்சி செய், சாப்பிடு' என்பார்கள். பார்வைக்கு அங்கே வேலையில்லை. சென்செய் இபுவைப் பார்த்தார், இபு சென்செய்யைப் பார்த்தார். "சின்ன வயதிலிருந்து சொல்கிறேன், ஏன் என்று யோசித்ததே இல்லை" என்றார் சென்செய்.

கடைசி பெஞ்சில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையைத் தூக்கினேன். போர்டில் 'சாப்பிட்டுப் பார்' என்று எழுதி, எங்கள் அம்மா தினமும் சொல்வது இதுதான் என்றேன். சாப்பிட்டு, பார். அதே இரண்டு சொல், அதே வரிசை, அதே பொருள். போட்டுப் பார், கேட்டுப் பார், நடந்து பார் என்று அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் சென்செய் அங்கிருந்து ஒரு 'மிரு' போட்டார். பிள்ளைகளுக்கு எங்கள் ஆர்ப்பாட்டம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கேள்வி கேட்டவள் மட்டும், "அப்படியென்றால் உங்கள் இரண்டு பேருக்குமே காரணம் தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கெட்டிக்காரி.

அன்று மாலை ஜோக்ஜாவில் துகு ரயில் நிலையத்தை ஒட்டிய ஆங்கிரிங்கான் தள்ளுவண்டியில், இபுவும் சென்செய்யும் நானும் பாயில் உட்கார்ந்தோம். இங்கே 'கோப்பி ஜோஸ்' பிரசித்தம். கடைக்காரர் அடுப்பிலிருந்து கனன்று கொண்டிருக்கும் கரித்துண்டை இடுக்கியில் எடுத்துக் காப்பி டம்ளருக்குள் போட்டார். 'ஜோஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பொங்கி அடங்கியது. பெயரே அந்தச் சத்தம்தான். குடித்துப் பார்த்தேன் (மிரு!). கரி வாசம் ஒன்றும் பெரிதாக இல்லை. டம்ளரின் அடியில் கரி கிடப்பதைப் பார்த்துக்கொண்டே குடிப்பதுதான் இதில் விசேஷம். தொட்டுக்க 'நாசி குசிங்', பூனைச் சோறு என்று பொருள். வாழை இலையில் மடித்த ஒரு கைப்பிடி சோறு, சம்பல், இரண்டு நெத்திலி. பூனைக்குத்தான் போதும், எனக்கு நாலு பொட்டலம் ஆனது.

நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தோம். ஜப்பானியர்களின் எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்குகிறது. அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ப இருந்ததாம். நம் வரிசையை, அவர்களிடம் இல்லாத எழுத்துகளை விட்டுவிட்டு, பக்கத்தில் எழுதினேன். க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. காரணம் ஒன்றும் மாயமில்லை. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத ஒலிகளைப் படிக்கப்போய் அந்த அடுக்கு முறையும் ஜப்பானுக்குப் போனது. நாரா நகரத்துப் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவரே 736-இல் ஜப்பான் போய்ச் சேர்ந்த இந்தியத் துறவி போதிசேனர்தான்.

அப்புறம் கோரெ, சோரெ, ஆரெ, தோரெ. இது, உது, அது, எது. 'சோரெ' என்பது கேட்பவர் பக்கத்தில் இருப்பது. "உது எப்போது சொல்வீர்கள்?" என்று கேட்டார். எங்கள் பக்கம் தொலைத்துவிட்டோம், யாழ்ப்பாணத்தார் வைத்திருக்கிறார்கள் என்றேன். 'தாரெக்கா' என்றால் யாரோ, 'தாரெமோ' என்றால் யாரும். 'தபெத்தே ஷிமத்தா' என்றால் சாப்பிட்டுவிட்டேன். இப்படிப் போனால் எவனுக்கும் தலை கிறுகிறுக்கும்.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் (1919–2008) இந்த ஒற்றுமைகளை வைத்து ஜப்பானிய மொழிக்குத் தமிழோடு உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். நம் மேடைகளில் இதைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கொரிய மொழி, துருக்கி மொழி எல்லாமே வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. எனக்கு இப்போது அந்த உறவுச் சான்றிதழ் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் நம்மைப் போலவே ரசம் வைக்கிறார் என்று தெரிந்தால் சந்தோஷம்தான், அதற்காகப் பங்காளி என்று பத்திரம் எழுத வேண்டியதில்லை.

சென்செய் பேசும் ஜப்பானிய மொழியும் அவர் வீட்டு மொழி கிடையாதாம். ஊர் காகோஷிமா, ஜப்பானின் கியூஷு தீவின் தென்கோடி. எங்கள் நெல்லைத் தமிழ் மாதிரி அவர்களுக்கென்று ஒரு பேச்சு. வகுப்பில் டிவி செய்தி வாசிப்பவர்போல் பேசிப் பேசி வாய் வலிக்கிறது என்றார். அவருக்குப் பிடித்த ஊர்ச்சொல் 'தெகெதெகெ': ரொம்ப மெனக்கெடாதே, ஏதோ சுமாராக இருந்தால் போதும்.

காகோஷிமாவுக்கு எதிரே கடலுக்குள் சகுராஜிமா எரிமலை. 1914-இல் வெடித்தபோது தீவாக இருந்த மலை, வழிந்த குழம்பால் கரையோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் சாம்பல் கொட்டும். காற்று எந்தப் பக்கம், சாம்பல் யார் தலையில் என்று வானிலை அறிக்கையில் சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் அம்மா துணி காயப்போடுவார். சாம்பலை அள்ளிக் கட்ட மாநகராட்சி மஞ்சள் பை கொடுக்கிறது. 2010-இல் மெராப்பி வெடித்துப் போரோபுதூர் கோயில்மேல் சாம்பல் படிந்த கதையை இபு சொன்னபோது சென்செய் கேட்ட முதல் கேள்வி: "பை கொடுத்தார்களா?"

மறுநாள் இரவு ஜகார்த்தா ரயில். துகு வாசலுக்கு பாக்பியா டப்பாவோடு வந்தார். நம் சூய்யத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி, பாசிப்பருப்புப் பூரணம் வைத்த பலகாரம். காலையில் விடுதியில் யோசித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன்: "இத்தே கிமஸ்." போய்விட்டு வருகிறேன். போய், வருகிறேன். இதுவும் சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்கிறதே என்று பெருமை எனக்கு.

உடனே திருத்தினார். "அது வீட்டிலிருந்து கிளம்பி, அதே வீட்டுக்குத் திரும்புகிறவர் சொல்வது. நீங்கள் திரும்ப வர மாட்டீர்களே?"

நாங்கள் வராத ஊருக்கும் அப்படித்தான் சொல்வோம், வெறுமனே 'போகிறேன்' என்றால் பெரியவர்கள் திட்டுவார்கள் என்றேன். அவர் நோட்டை எடுத்து வாசலில் நின்றபடியே அதைக் குறித்துக்கொண்டார். அதற்குள் வண்டி அறிவிப்பு வந்துவிட்டது.

திருநெல்வேலி வந்து பத்து நாள் கழித்துப் பயணக் குறிப்பேட்டைப் புரட்டினால், சோலோ பக்கத்தில் அந்தப் பூனை அட்டை. எழுதிக்கொண்டிருந்த கையோடு உள்ளே சொருகியிருக்கிறேன். வெட்கத்தோடு படம் எடுத்து மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு படம் வந்தது. புதுப் பூனை வரைந்தாகிவிட்டது, இந்த முறை மீசை இரு பக்கமும் மூன்று. கீழே மூன்று வரி: ஜப்பானிய எழுத்தில் நெக்கோ, அதன் கீழே குசிங், அதன் கீழே தமிழில் 'பூணை'.

திருத்தாதவர்களைப் பிடிக்காது என்று சொன்னவர் ஆயிற்றே. படத்தின் மேலேயே சிவப்பில் மூன்று சுழியை அடித்து இரண்டு சுழி போட்டேன். மற்ற இரண்டும் சரி என்று ஆளுக்கொரு டிக் போட்டு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "சென்செய், நெக்கோவுமா தப்பு?"