வெசேர் ஆற்றங்கரையில் மூன்று நாள்கள்

பிரான்சின் தென்மேற்கே, தோர்தோன் மாவட்டத்தில், வெசேர் ஆற்றங்கரைச் சுண்ணாம்புப் பாறையின் அடியில் ஒண்டிக்கொண்டிருக்கும் லெஸ் எய்ஸி என்ற சிற்றூரில் மூன்று நாள்கள் தங்கியிருந்தோம். பனியுகத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்த ஆதி மனிதர்களான குரோ-மான்யோன் மனிதரின் எலும்புகள் 1868இல் வெளிப்பட்டது இவ்வூரில்தான்.

ஊரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய, ஆதி மனிதரின் ஓவியங்கள் உள்ள ஃபோன்-தெ-கோம் குகைக்குள் ஒரு வேளைக்குச் சிலரையே அனுமதிக்கிறார்கள். வழிகாட்டி விளக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்ததும், அதுவரை வெறும் பாறைப் புடைப்பாகத் தெரிந்த இடம் காட்டெருமையின் தோளாகத் திரண்டெழுந்தது. இன்னோரிடத்தில், மண்டியிட்டிருக்கும் ஒரு துருவ மானின் நெற்றியை மற்றொன்று குனிந்து நக்குகிறது. கோடுகள் மங்கியிருந்தாலும் அந்த நாக்கின் வளைவைக் கண்டுபிடித்தபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை.

1940இல் கண்டறியப்பட்ட லாஸ்கோ குகையோ, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுத்ததால் 1963இல் மூடப்பட்டது. அக்குகைக்கு அருகிலுள்ள மொந்தினியாக் ஊரில் நாங்கள் பார்த்தது அதன் நகல்தான். வேலைப்பாடு அபாரம் என்றாலும், குகையின் ஈர மண் மணம் இல்லாதது எனக்குக் குறையாகவே பட்டது.

மறுநாள், சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள லா ரோக் சேன்-கிறிஸ்தோஃப் குன்றின் விளிம்புத் தளங்களில் நடந்தோம். கீழே வால்நட் மரங்களுக்கு அப்பால் ஆறு பச்சையாக வளைந்து சென்றது. மதியம் ஊர்க்கடை அடைத்துவிடும் என்பது தெரியாமல் போனதால், அன்றைய சாப்பாடு கையிலிருந்த ரொட்டித் துண்டும் இரண்டு பீச் பழங்களும்தான்.