வினாத்தாள் நடத்தும் பாடம்

எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். நடைமுறையில் அதைத் தீர்மானிப்பவை முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களே. ஆசிரியராக நான் வகுப்பில் மிகுதியாகக் கேட்ட கேள்வி, "இது பரீட்சைக்கு வருமா?" என்பதுதான். வராது என்றால் பேனா மூடப்பட்டுவிடும். இதற்காக மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த உழைப்புக்கு மதிப்பெண் கிடைக்கும் என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் வினாத்தாளை மாற்றினால் போதுமா? இலங்கையில் 1988இல் சாதாரண தரம் (O/L) எனப்படும் பள்ளிப் பொதுப் பரீட்சையின் ஆங்கிலத் தாள் புதிய வடிவம் பெற்றபின், டயான் வால், சார்ல்ஸ் ஆல்டர்சன் ஆகியோர் நடத்திய வகுப்பறை ஆய்வில், ஆசிரியர்கள் எதைக் கற்பித்தார்கள் என்பதில் மாற்றம் தெரிந்ததே தவிர, எப்படிக் கற்பித்தார்கள் என்பதில் அது தெரியவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. சிந்தித்து எழுத வேண்டிய வினாவுக்கும் மாதிரி விடை ஒன்றைத் தயாரித்து மனப்பாடம் செய்யவைத்துவிட முடியும்.

தேர்வே கூடாது என்பாரோடும் நான் உடன்படவில்லை. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடங்கள் கழித்து அதிகம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழிந்தபோதோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தியிருந்தார்கள். அந்தச் சோதனையில் தரவரிசை இல்லை, தோல்வி பற்றிய அச்சமும் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

திருத்திய விடைத்தாளைக் கையில் வாங்கும் மாணவர் முதலில் பார்ப்பது சிவப்பு மையில் வட்டமிட்ட எண்ணை. அடுத்து, பக்கத்தில் இருப்பவரின் எண்ணை. ஓரத்தில் நாம் எழுதிய குறிப்பு படிக்கப்படாமலே தாள் மடிக்கப்படுகிறது. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: குறிப்புகளை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை.

ஆகவே வகுப்புத் தேர்வுகளில் இப்போது முதலில் குறிப்புகளை மட்டுமே எழுதித் தருகிறேன். தவறிய விடையை மாணவர் திருத்தி எழுதிவந்த பிறகே மதிப்பெண் தெரிவிக்கிறேன். பெற்றோர் சிலர் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். அவர்களிடம் பிள்ளையின் இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன்.