மூன்று மாதக் கணக்கு

2023 ஆகஸ்ட் 12, சனி

இளையவளுக்கு இன்று இரண்டு வயது நிறைந்தது. கேசரி கிளறி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து முடித்து உட்கார்ந்ததும், மனைவி அந்தப் பேச்சை மறுபடியும் எடுத்தாள். மூன்றாவது வேண்டாம் என்பதில் எங்களுக்குள் என்றைக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. இரண்டாவது சிசேரியனின்போதே கருக்குழாயைக் கட்டிவிடலாமா என்று கேட்டார்கள். குறைமாதப் பிரசவம் என்பதால், குழந்தை பிழைத்து நல்லபடியாக வீடு வந்து சேரட்டும் என்று தள்ளிப்போட்டோம். அதன்பின் கருப்பையில் போட்டுக்கொண்ட காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மாதந்தோறும் ஏழெட்டு நாள் உதிரப்போக்கு. சென்ற வாரம் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. தை மாதம் விடுப்பு எடுத்து ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றாள், ஏதோ அவளுக்கு மட்டுமே உரிய வேலையைப் போல. நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

2023 செப்டம்பர் 3, ஞாயிறு

மகப்பேறு மருத்துவரைப் பார்த்தோம். வழக்கம்போல நான் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் எட்டிப்பார்த்து உள்ளே வரச் சொன்னாள். அவளுடைய நோய்க் குறிப்பு அட்டையில் என்னைப் பற்றி இருந்தது 'கணவர் பெயர்' என்ற ஒரு வரி மட்டுமே.

மருத்துவர் நிதானமாக விளக்கினார். இரண்டு முறை வயிற்றைத் திறந்திருப்பதால் உள்ளே திசுக்கள் ஒட்டியிருக்கக்கூடும். இரத்தசோகையையும் முதலில் சரிசெய்தாக வேண்டும். ஆணுக்கான நவீனக் கருத்தடை ஆபரேஷனான வாசக்டமியிலோ வயிற்றைத் தொடவே வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் ஒரு சிறு துளையிட்டு, விந்துக் குழாயை வெளியே இழுத்து வெட்டிக் கட்டிவிடுவார்கள். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. ஹார்மோன் சுரப்பதும் ஆசையும் முன்பிருந்தபடியே இருக்கும், விந்தில் உயிரணு மட்டும்தான் இராது. தோல்வி வாய்ப்பும் பெண்களுக்கான அறுவை சிகிச்சையைவிடக் குறைவு. இவ்வளவும் தெரிந்த நாட்டில்தான், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணவாழ்வில் இருக்கும் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில், கருத்தடை அறுவை சிகிச்சையைத் தாமே செய்துகொண்டவர்கள் 37.9 விழுக்காடு, கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 விழுக்காடு. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பது உறைத்தது.

காப்பர் டியை அன்றே எடுத்துவிட்டார்கள். இனி ஆணுறைதான்.

2023 செப்டம்பர் 17, ஞாயிறு

ஆபரேஷனை நானே செய்துகொள்ளப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "உழைக்கிற உடம்பு தம்பி, வெயிட் தூக்க முடியாமப் போயிடும்" என்றாள். நீ ஆபரேஷன் செய்துகொண்டு எத்தனையாவது நாள் வேலைக்கு எழுந்தாய் என்று கேட்டேன். பத்தாம் நாள் குடம் தூக்கியதைச் சொன்னவள், சொன்ன பிறகும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவள் பயம் பழைய பயம். அவசரநிலைக் காலத்தில், 1976-77இல், நாடு முழுவதும் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பெரும்பங்கு ஆண்களுக்கு. வற்புறுத்தி அழைத்துப்போனார்கள் என்ற பேச்சு அவள் காதில் இன்னும் ஒலிக்கிறது. அதன்பின் அரசும் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டது.

நான் எதிர்பாராதது மனைவியின் தயக்கம்தான். குழந்தைகள் தூங்கிய பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "ஏங்க, எனக்குப் பண்ணி அது ஃபெயில் ஆனா டாக்டர் மேல தப்புன்னு சொல்லுவாங்க. உங்களுக்குப் பண்ணி, அப்புறம் எனக்கு நாள் தள்ளிப்போனா, யார் மேல சொல்லுவாங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் சந்தேகப்பட மாட்டேன் என்று சொல்வது எளிது. அவள் கேட்டது என்னைப் பற்றி அல்ல, ஊரைப் பற்றி. அவளுடைய சித்தி வீட்டுத் தெருவில் அப்படி ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வலி, ஆண்மை, வெயிட் என்று ஆண்களின் அச்சங்களுக்கெல்லாம் துண்டறிக்கையில் விளக்கம் இருக்கிறது. இதற்கு ஒரு வரிகூட இல்லை.

2023 நவம்பர் 23, வியாழன்

நவம்பர் 21 தொடங்கி டிசம்பர் 4 வரை வாசக்டமி இருவார விழா. அரசு மருத்துவமனையில் பதாகை கட்டியிருந்தார்கள். என்னைத் தவிர இன்னும் ஒருவர்தான் வந்திருந்தார். ஒப்புதல் படிவத்தில் இது நிரந்தர முறை என்பதும், அரிதாகத் தோல்வியடையக்கூடும் என்பதும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. குழாயைத் திரும்ப இணைக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் பலிக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்றார் ஆலோசகர். மனைவியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் அவள் படிவத்தை வாங்கி முழுக்கப் படித்தாள்.

ஊசி சுருக்கென்றது. குழாயை இழுத்தபோது வலி அடிவயிற்றில் எங்கோ தெரிந்தது, உறுப்பு ஓரிடத்திலும் வலி வேறிடத்திலுமாக. மின்விசிறியின் ஒரு இறக்கையில் மட்டும் ஒட்டடை இருந்ததை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். கால் மணி நேரத்தில் முடிந்து, துளையின் மேல் ஒரு சிறு பஞ்சு மட்டும். மாற்றாகக் கொண்டுபோயிருந்த இறுக்கமான உள்ளாடையை அணிந்து, ஆட்டோவில் வீடு வந்தேன்.

2023 நவம்பர் 27, திங்கள்

இலேசான வீக்கம், அவ்வளவே. அம்மா தனக்குத் தெரிந்த வைத்தியமாகப் பூண்டுக் குழம்பு வைத்தாள். தண்ணீர்க் கேனை நான் தொடாமல் பார்த்துக்கொள்கிறாள்.

2024 பிப்ரவரி 29, வியாழன்

இந்த மூன்று மாதக் கணக்கைத்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வெட்டிய அன்றே பலன் கிடைத்துவிடுவதில்லை. வெட்டிய இடத்துக்கு மேலே தங்கியிருக்கும் உயிரணுக்கள் வெளியேறும் வரை கருத்தரிக்கும் வாய்ப்பு உண்டு. இடைப்பட்ட நாளில் கர்ப்பம் தரித்து, பழி பெண்ணின் மேல் விழுந்த கதைகளில் எத்தனை இந்தக் கணக்கைச் சொல்லாததால் வந்தவையோ. நாங்கள் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்து, ஆணுறையை ஒரு நாளும் தவறவிடவில்லை.

காலையில் மாதிரியைச் சட்டைக்குள் வைத்து, உடல் சூட்டோடு, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்தேன். மாலையில் அறிக்கை வந்தது: விந்தணுக்கள் காணப்படவில்லை. அவளிடம் நீட்டினேன். பெயர், வயது, தேதி, முத்திரை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, ஹால் விளக்கை அணைக்கப் போன என்னை நிறுத்திச் சொன்னாள்: "நாளைக்கு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. ஒண்ணு எங்க அம்மா வீட்டுல இருக்கட்டும்."